குடிலின் உச்சி: ஜவ்வாது மலையில் மரபுக் கட்டுமானம் எதைக் குறிக்கிறது?

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களைத் தொட்டுக் கிடக்கிறது ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூர் கோடை விழாவுக்கும் பீமன் அருவிக்கும் காவலூர் வானாய்வகத்துக்கும் வெளியூர் மக்கள் வருகிறார்கள். அவர்களில் சிலருக்கு மலையில் ஒரு துண்டு நிலமும் அதில் ஒரு மரக்குடிலும் வேண்டும் என்ற ஆசை பிறக்கிறது. தமிழக மலைகள் எங்கும் இந்த ஆசை ஏறக்குறைய ஒரே வடிவத்தைத்தான் எடுத்திருக்கிறது. நான்கு அல்லது ஆறு மரக்கால்கள், சரிந்திறங்கும் கூரை, அதன் உச்சியில் ஓர் அணி. அந்த அணி பித்தளைக் கலசமாகவோ, கடைந்தெடுத்த மரமொட்டாகவோ, சேவல் உருவில் சுழலும் காற்றுக்காட்டியாகவோ இருக்கும். கட்டுபவரும் கட்டச் சொல்பவரும் இதற்கு ‘மரபு முறை’ என்று பெயர் வைக்கிறார்கள்.

இக்கட்டுரை விசாரிக்க முனைவது ஒரே கேள்வியை. ஜவ்வாது மலையில் மரபு முறையில் ஒரு மரக்குடில் எழுப்புவது என்றால், அது எந்த மரபு? கேள்வி பெரியது என்பதால் அதைக் கூரையின் உச்சி வழியாக அணுகுகிறேன். ஒரு குடிலில் மிகச் சிறிய உறுப்பு அதுதான். ஆனால் கட்டுமானம், சடங்கு, அழகு ஆகிய மூன்றும் சந்திக்கும் இடமும் அதுவே. அங்கே எதை வைக்கிறோம், ஏன் வைக்கிறோம் என்பதற்குச் சரியான விடை கிடைத்தால் கீழே உள்ள தூண், சுவர், மரம், தச்சர் பற்றிய விடைகளும் தாமே வந்து சேரும் என்பது என் எண்ணம்.

1. கலந்துபோன மூன்று மரபுகள்

இன்றைய தோட்டக் குடிலில் குறைந்தது மூன்று மரபுகள் பிரித்தறியப்படாமல் கலந்து நிற்கின்றன.

முதலாவது மலைக்கே உரியது. தினைப்புனம் காக்கும் மகளிர் உயர்ந்த பரணில் இருந்து கிளி ஓட்டுவதைக் குறிஞ்சிப் பாடல்கள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. அந்த மேடைக்கு இதணம், கழுது என்ற பெயர்களும் சங்க இலக்கியத்தில் உண்டு. ஜவ்வாது மலையடிவாரத்துச் செங்கம்தான் சங்ககாலக் குறுநில மன்னன் நன்னனின் செங்கண்மா எனவும், இம்மலையில் பிறக்கும் செய்யாறே அவனைப் பாடும் சங்க நூலான மலைபடுகடாம் பேசும் சேயாறு எனவும் அறிஞர்கள் பொதுவாக ஏற்கின்றனர். ஆகவே இந்த நிலப்பரப்பில் தோட்டத்து நடுவே மரத்தால் எழுப்பிய சிறு ஒதுங்கிடத்துக்கு மிகப் பழைய முன்னோடி, பயிர் காக்கும் பரண்தான். சாமை விளையும் கொல்லைகளில் காட்டுப்பன்றியை விரட்ட இரவுக் காவல் இருக்கும் வரை அதன் தேவையும் இருக்கும். பரணுக்குச் சுவர் கிடையாது. கூரை இருந்தாலும் தழையோ புல்லோ போட்ட ஒரு மறைப்பு மட்டுமே. அறுவடை முடிந்ததும் அது பிரிக்கப்படும், அல்லது தானே சரியும். நிலைத்து நிற்பது அதன் குறிக்கோளாக இருந்ததே இல்லை.

பரணுக்கு அருகில் வைத்துப் பார்க்க வேண்டியது, இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் வீடு. இவர்கள் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்ற மரபுக்கதையை உடையவர்கள். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ தொகுதிகளில் அக்கதையின் பல வடிவங்கள் பதிவாகியுள்ளன. மரச்சட்டமும் மூங்கில் தட்டியும் மண்பூச்சும் புல்கூரையும் சேர்ந்தது அவர்களுடைய பழைய வீடு. இறவாரம் தாழ்ந்து இறங்கித் திண்ணையையும் சுவரையும் சாரலிலிருந்து காக்கும்.

இரண்டாவது, கோயில் கட்டடக் கலையின் மரபு. அதிட்டானம், பாதம், பிரஸ்தரம், கிரீவம், சிகரம், ஸ்தூபி என்று விமானத்தை ஆறு உறுப்புகளாகப் பகுக்கும் முறை தென்னகச் சிற்ப நூல்களில் நிலைபெற்றது. கூரை மேல் கலசம் வைக்கும் வழக்கம் நமக்கு இந்த வழியில்தான் பழகியிருக்கிறது.

மூன்றாவது மரபு மிக இளையது. ஏற்காடு, உதகை, கொடைக்கானல் ஆகிய இடங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் எழுப்பிய பங்களாக்களும், அவற்றின் தோட்டங்களில் எல்லாப் பக்கமும் திறந்து நின்ற கோடை மண்டபங்களும் அதன் மூலம். முக்கோண முகப்பின் நுனியில் கடைசல் மரத்தைச் செருகும் வழக்கமும், சேவல் காற்றுக்காட்டியும் அங்கிருந்து வந்தவை. ஓய்வெடுப்பதற்கென்றே தோட்டத்தில் ஒரு தனிக் கட்டடம் வேண்டும் என்ற எண்ணமும் பெருமளவு அவ்வழி வந்ததே. அரண்மனைத் தோட்டங்களிலும் கோயில்களிலும் வசந்த மண்டபங்கள் நமக்கு இருந்தன. ஆனால் அவை விழாவுக்கும் அரசவைக்கும் உரியவை. தனிமனிதர் போய் அமரும் இடங்களாக இருக்கவில்லை.

இன்று மலையில் எழும் பல குடில்களின் தரைத்திட்டம் பங்களாத் தோட்டத்திலிருந்து வருகிறது. உச்சி கோயிலிலிருந்து வருகிறது. மலைவீட்டிலிருந்து எடுக்கப்படுவது புல்லின் தோற்றம் மட்டுமே, அதிலும் சில இடங்களில் பிளாஸ்டிக் புல். மரபுகள் கலப்பது குற்றமில்லை. தமிழ்க் கட்டடக் கலை கலப்பில் வளர்ந்ததுதான். ஆனால் கலக்கும்போது ஒவ்வொரு உறுப்பும் எந்தத் தேவைக்குப் பிறந்தது என்ற அறிவு கூடவே வர வேண்டும். அந்த அறிவைக் கூரையின் உச்சியிலிருந்து தேடலாம்.

2. உச்சியில் என்ன நேர்கிறது

புல்கூரை கீழிருந்து மேலாக வேயப்படுகிறது. இறவாரத்தில் முதல் வரிசை. அதன் மேற்பகுதியை மூடியவாறு அடுத்த வரிசை. இப்படியே ஏறி ஏறி முகடு வரை செல்லும். ஒவ்வொரு வரிசையின் கட்டுகளையும் மேல்வரிசை மறைத்துக் காக்கும். கடைசி வரிசைக்கு மட்டும் மேலே எதுவும் இல்லை. அதன் கட்டு வெளியே தெரியும், நீர் நேரே இறங்கும், காற்று அதைத்தான் முதலில் பிய்க்கும். நீளமான கூரையாக இருந்தால் இந்தப் பலவீனம் முகடு முழுக்க ஒரு கோடாக ஓடும். சதுரக் கூரையிலும் வட்டக் கூரையிலும் அது ஒரே புள்ளியில் குவியும்.

அந்தப் புள்ளியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நான்கு மூலைக் கைமரங்களும் இடைக் கைமரங்களும் அங்கே வந்து முட்டுகின்றன. எட்டுப் பத்து மரங்களின் நுனிகளை ஒரே இடத்தில் சேர்த்துக் கட்டுவது எளிதன்று. நாரால் இறுக்கிக் கட்டினால் சிறு கூரை நிற்கும். பெரிய கூரைக்கு நடுவே ஒரு குமிழ்க்கட்டை வேண்டும். கேரளத் தச்சர்கள் இதைக் ‘கூடம்’ என்பார்கள். உருண்டையாகவோ பல பட்டையாகவோ செதுக்கிய அந்தக் கட்டையில் துளைகள் இட்டு ஒவ்வொரு கைமரத்தின் கழுந்தையும் செருகுவார்கள். கைமரங்கள் கூடத்தை நாற்புறமும் அழுத்த, அந்த அழுத்தத்திலேயே அது அந்தரத்தில் நிற்கும். கூரையின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் விரிந்த பூவின் நடுமொட்டுப் போலத் தெரிவது அதுதான். கேரளத்து வட்டக் கோயில்கள் பலவற்றில் இன்றும் இதைக் காணலாம்.

மரத்தின் எந்தப் பகுதி நீரை அதிகம் உறிஞ்சும் என்று எந்தத் தச்சரைக் கேட்டாலும் வெட்டுமுனை என்பார். கூரை உச்சியில் எல்லா வெட்டுமுனைகளும் ஒன்றுகூடுகின்றன. ஆகவே அங்கே ஒரு மூடி கட்டாயம் தேவை. நீர் ஒழுகி ஓடும்படி வளைந்ததாகவும், காற்றில் பறக்காத அளவு கனமாகவும், வெயிலிலும் மழையிலும் உளுத்துப்போகாததாகவும் அது இருக்க வேண்டும். சிற்றூரில் கைக்கெட்டும் பொருள்களில் இவை எல்லாம் பொருந்தியது சுட்ட மண்பானை. வசதி வந்தபோது செம்பு. உதகையை அடுத்த முத்தநாடு மந்தில் தோடர்களின் கூம்புக் கோயில் இருக்கிறது. அதன் உச்சியில் பாரமாக அமர்ந்திருப்பது ஒரு தட்டைக் கல். பொருள் எதுவாயினும் செய்யும் வேலை ஒன்றே.

கூரையின் சாய்வையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். புல்கூரை ஏறத்தாழ 45 பாகையாவது சரிய வேண்டும். அதற்குக் குறைந்தால் நீர் புல்லின் மேல் வழுக்கி ஓடாமல் உள்ளே இறங்கி அழுகலை உண்டாக்கும். தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் மழை பெறும் ஜவ்வாது மலையில், கூரை காய்ந்து ஆறுவதற்குக் கிடைக்கும் இடைவெளி குறைவு. படம் பார்த்துக் கட்டப்படும் குடில்களில் அடிக்கடி நேரும் பிழை இதுதான். அழகுக்காகச் சாய்வைக் குறைத்துவிட்டு, உச்சியில் கனத்த கலசத்தை ஏற்றுகிறார்கள். இரண்டு மழைக்காலம் போவதற்குள் கலசத்தின் அடியிலிருந்தே ஒழுக்கு தொடங்குகிறது.

3. கல்லில் எஞ்சிய சாட்சி

மரக்கூரை நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்பதில்லை. பழைய உச்சிகளைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் கல்லில் செய்த நகல்கள் வழியாகத்தான். பீகாரில் பராபர் குன்றுகளின் லோமச ரிஷி குகை மௌரியர் காலத்தது. அதன் வாயிலில் வளைந்த கூரையும், உத்திரங்களின் வெளிநுனிகளும், உச்சியில் ஓர் அணியும் கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. பார்ஹுத், சாஞ்சி புடைப்புச் சிற்பங்களில் முனிவர்களின் இலைக்குடில்கள் உச்சியணியுடனேயே காட்சி தருகின்றன. தமிழகத்தில் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண்டகப்பட்டில் ஒரு குடைவரையை அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றி அது அமைக்கப்பட்டதாக அங்குள்ள கல்வெட்டு அறிவிக்கிறது. அதற்கு முன் கோயில்கள் அந்தப் பொருள்களால்தான் எழுந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மாமல்லபுரத்துத் திரௌபதி ரதம் இந்த விவாதத்தில் மையமான சான்று. அடுக்குகள் ஏதுமின்றி, ஒரே அறையும் சதுரமாக வளைந்திறங்கும் கூரையும் கொண்ட அது புல்குடிசையின் கல்நகல் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. கட்டடக் கலை வரலாற்றறிஞர் பெர்கூசன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இந்தியக் கற்கட்டடங்களின் மரமூலத்தை வலியுறுத்தினார். பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் 1914இல் வெளியிட்ட தென்னிந்தியத் தொல்லியல் நூலில் திராவிடக் கட்டட உறுப்புகளின் படிவளர்ச்சியை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி பழைய சிற்பங்களில் காணும் வீடுகளையும் குடில்களையும் கொண்டு மரக்கட்டடக் கலையை மீட்டெடுக்க முயன்றார்.

இந்தப் பார்வையை அப்படியே ஏற்பதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பல்லவச் சிற்பி பார்த்துச் செதுக்கியது உழவனின் குடிசையை என்று கொள்ள வேண்டியதில்லை. மூலைகளில் கொடிவேலைப்பாடு ஓடும் அந்தக் கூரை, ஏற்கெனவே அழகுபடுத்தப்பட்ட ஒரு மரக்கோயிலின் நகலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதாவது குடிசையிலிருந்து மரக்கோயிலுக்கும், அதிலிருந்து கல்லுக்கும் இரண்டு தாவல்கள் நடந்துள்ளன. முதல் தாவலிலேயே பானை கலசமாக மாறியிருக்க வேண்டும். கல்லுக்கு வந்தபோது மூட வேண்டிய வெட்டுமுனையும் இல்லை, ஒழுக்கும் இல்லை. வடிவம் மட்டும் பொருளோடு நிலைத்தது.

உச்சியணி பூரண கும்பத்திலிருந்து வந்தது, பௌத்தத் தூபியின் குடையிலிருந்து வந்தது என்னும் விளக்கங்களும் உள்ளன. பானை மூடியாக இருந்ததும், நிறைகுடம் வளத்தின் குறியாக இருந்ததும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. உச்சியில் பானை இருந்தே தீர வேண்டிய இடத்தில்தான் நிறைகுடம் என்ற பொருள் எளிதாக வந்து அமர முடியும். எனவே கட்டுமானக் காரணத்தையே முதலாவதாகக் கொள்கிறேன்.

இந்த முடிவுக்குத் துணை நிற்பது உச்சியணிகளின் எண்ணிக்கை. சதுரக் கூரைக்கும் வட்டக் கூரைக்கும் ஒரு ஸ்தூபி. நீண்ட முகடுள்ள சாலை வடிவக் கூரைக்கு வரிசையாகப் பல. கோபுரங்களின் முகட்டில் கலசங்கள் வரிசையாக நிற்பது இதனால்தான். பலவீனம் புள்ளியாக இருந்தால் ஒரு மூடி, கோடாக இருந்தால் வரிசை. சிதம்பரத்துச் சிற்சபை மரத்தால் ஆனது. முதலாம் பராந்தகன் அதற்குப் பொன்வேய்ந்ததாகச் சோழர் செப்பேடுகள் போற்றுகின்றன. அதன் கூரையில் 21,600 பொன்னோடுகள் மனிதன் ஒருநாளில் விடும் மூச்சுகளையும், 72,000 ஆணிகள் நாடிகளையும், 64 கைமரங்கள் கலைகளையும், 9 கலசங்கள் நவசக்திகளையும் குறிப்பதாகச் சைவ மரபு சொல்கிறது. தத்துவம் இவ்வளவு செறிந்த கூரையில்கூடக் கைமரம் இல்லாமல் ஓடு நிற்காது, ஆணி இல்லாமல் ஓடு தங்காது. பொருள் ஏற்றப்பட்ட ஒவ்வோர் உறுப்பும் முதலில் கூரையைத் தாங்கும் உறுப்பாக இருக்கிறது. சிற்ப நூலாசிரியர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. மயமதம் மர இணைப்புகளுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்குகிறது. ஸ்தூபியைத் தாங்கும் முளையைக் கூரை அமைப்பின் பகுதியாகவே நடத்துகிறது.

4. கலசமும் மின்னலும்

மலைக்குடிலில் கலசம் வைக்கச் சொல்லும்போது இப்போது இன்னொரு காரணமும் கூறப்படுகிறது. கலசத்தில் வரகு நிரப்பினால் இடி தாக்காது என்றும், அந்தத் தானியம் பன்னிரண்டு ஆண்டு விதைக்காப்பாக இருக்கும் என்றும் பரவலாக நம்பப்படுகிறது. முன்னோரின் அறிவியல் என்ற பெருமிதத்தோடு இது சொல்லப்படுவதால், கேள்வி கேட்கவே பலர் தயங்குகிறார்கள்.

மின்னலிலிருந்து ஒரு கட்டடத்தைக் காக்க உச்சியில் உலோகம் இருந்தால் மட்டும் போதாது. அந்த உலோகத்திலிருந்து தடையில்லாத கடத்தி ஒன்று இறங்கி, ஈரமண்ணில் புதைத்த தகட்டோடு சேர வேண்டும். அந்த இணைப்பு இல்லாத கலசத்தில் மின்னல் இறங்கினால் அது மரத்தின் வழியேயும் புல்லின் வழியேயும்தான் பாயும். கற்கோபுரம் அதைத் தாங்கலாம், புல்கூரை தீப்பற்றும். மேட்டில் தனித்து நிற்கும் புல்குடிலின் உச்சியில் நிலத்தொடர்பு இல்லாத செம்புக் கலசம் வைப்பது பாதுகாப்பு ஆகாது, அது ஆபத்து. வரகுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. விதைக்காப்பைப் பொறுத்தவரை, வெயிலில் காயும் உலோகப் பாத்திரத்தில் பன்னிரண்டு ஆண்டு கிடந்த தானியம் முளைக்கும் என்பதற்கு யாரும் சான்று காட்டுவதில்லை. உழவர்கள் விதையைக் குதிரிலும் பானையிலும் சாம்பலும் வேப்பிலையும் சேர்த்து வைத்தார்கள், ஆண்டுதோறும் விதைத்துப் புதுப்பித்தார்கள். ஜவ்வாது மலையில் சாமை இன்றுவரை பிழைத்திருப்பது அந்த உழைப்பால்தான்.

குடமுழுக்கில் கலசத்துக்குத் தானியம் இடுவது ஒரு வழிபாட்டுச் செயல். அதற்கு வழிபாட்டின் மதிப்பு உண்டு. அதை இடிதாங்கி என்று விளக்கும்போது வழிபாடும் பெருமை பெறுவதில்லை, அறிவியலும் பெறுவதில்லை.

5. புகை

புல்கூரையை வாழவைத்தது எது என்ற கேள்விக்கு விடை உச்சியில் இல்லை. அது அடுப்பில் இருக்கிறது. மலைவீட்டில் புகைபோக்கி கிடையாது. அடுப்பின் புகை மேலெழுந்து, வீட்டுக்குள் உள்ள பரணில் வைத்த தானியத்தையும் மூங்கிலையும் கைமரத்தையும் தழுவி, புல்லின் இடைவெளிகள் வழியே கசிந்து வெளியேறும். அந்தப் புகைக்கரி படிந்த மூங்கிலை உளுப்பான் வண்டு எளிதில் துளைக்காது. கூரை உள்ளிருந்து காய்ந்தபடியே இருக்கும். கட்டடத்தைப் பேணும் வேலை அன்றாடச் சமையலோடு சேர்ந்து நடந்தது.

தோட்டக் குடிலில் அடுப்பு எரிவதில்லை. வாரக்கடைசியில் மட்டும் ஆள் வரும் குடிலில் ஈரமும் பூச்சியும் தடையின்றிக் குடியேறுகின்றன. பழைய புல்கூரைகள் ஆண்டுக்கணக்கில் நின்றன, விடுதிப் புல்கூரை ஏன் விரைவில் உதிர்கிறது என்று கேட்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. பொருளை எடுத்துக்கொண்டு, அதைக் காத்த வாழ்க்கை முறையை விட்டுவிட்டோம்.

இதைச் சொல்லும்போதே மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் பெண்கள். கண் எரிச்சலும் நுரையீரல் நோயும் அவர்கள் கொடுத்த விலை. புகையடைந்த வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்லும் உரிமை வெளியாட்கள் யாருக்கும் கிடையாது. ஆள் தங்காத நாள்களில் குடிலுக்குள் மூட்டம் போடலாம். கட்டுவதற்கு முன் மூங்கிலைச் சில வாரம் நீரில் ஊறப்போட்டு மாவுச்சத்தை வெளியேற்றலாம், அல்லது போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் பதப்படுத்தலாம். புகைக்கு ஈடான வழிகள் இவை.

உச்சியில் பயனுள்ள ஓர் அணி வேண்டும் என்றால் அதற்கும் இங்கே விடை இருக்கிறது. கூரையின் நுனியை முழுதும் மூடாமல் ஒரு முழ அகலம் திறந்து விட்டு, அதற்கு மேலே சிறு கால்களில் ஒரு குட்டிக்கூரையை உயர்த்தி வைக்கலாம். வெப்பக் காற்றும் மூட்டப் புகையும் அந்த இடைவெளி வழியே வெளியேறும், மழை உள்ளே வராது. குட்டிக்கூரையின் பக்கங்களில் மூங்கில் பின்னல் வைத்தால் பறவையும் வௌவாலும் நுழையாது. அதன் நுனிக்கு ஒரு மண்பானை போதும். மலையின் குயவரும் மூங்கில் பின்னுபவரும் தம் கைத்திறனைக் காட்ட அதில் போதிய இடம் உண்டு. கண்ணுக்கு அழகாகவும் கூரைக்கு உயிராகவும் இருக்கும் இந்த அமைப்பை, பித்தளைக் கலசத்தைவிட மரபுக்கு நெருங்கியதாகவே நான் மதிப்பேன்.

6. மரம் யாருடையது

ஜவ்வாது மலையின் பெயரைக் கேட்டதும் சந்தனம் நினைவுக்கு வரும். மலையடிவாரத்துத் திருப்பத்தூரில் வனத்துறையின் சந்தனமரக் கிடங்கு இருப்பது அந்த வளத்தின் அடையாளம். ஆனால் இந்த மலையில் மரம் என்பது வளத்தின் கதை மட்டுமன்று. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேசாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 தமிழகத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்கள். மரத்தை அறிந்த கைகளுக்குச் சொந்த மண்ணில் மதிப்பான வேலை இல்லாமல் போனதன் விளைவுகளில் ஒன்றாகவே இதை நான் பார்க்கிறேன். இம்மலையில் மரக்குடில் கட்டுபவர் இந்த வரலாற்றை அறியாமல் கட்டக் கூடாது.

எந்த மரம் என்ற கேள்வி எனவே அழகுக் கேள்வியாக மட்டும் இருக்க முடியாது. காட்டுத் தேக்கும் வேங்கையும் கேட்டுக் குடில் கட்ட வேண்டியதில்லை. பட்டா நிலங்களில் வளர்க்கப்படும் மலைவேம்பும் சில்வர் ஓக்கும் தைலமரமும் சரியாக உலர்த்திப் பதப்படுத்தினால் சிறு கூரைக்குப் போதுமானவை. பலா மரம் தென்னகத் தச்சருக்கு நன்கு பழகியது. மூங்கிலைப் பொறுத்தவரை சட்டமே ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வன விளைபொருள் என்று வரையறுத்து, மரபாகச் சேகரித்து வந்த வனவாழ் மக்களுக்கு அதன் மீது உடைமை உரிமை வழங்குகிறது. ஆகவே காட்டு மூங்கில் வேண்டுவோர் கிராம சபையிடமிருந்து உரிய விலைக்கு வாங்குவதே முறை.

உண்ணிச்செடியையும் இங்கே சொல்ல வேண்டும். தமிழகக் காடுகளை ஆக்கிரமித்திருக்கும் இந்த அயல்புதரை வெட்டி அகற்றுவது அரசின் கொள்கையாகவே இருக்கிறது. கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலையில் சோலிகர் மக்கள் அதன் தண்டுகளை வேகவைத்துத் தோலுரித்து நாற்காலி, மேசைகள் செய்கிறார்கள். குடிலின் தட்டிகளுக்கும் கைப்பிடிச் சட்டங்களுக்கும் குட்டிக்கூரையின் பின்னலுக்கும் இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைக்காது. அதை எடுப்பதால் காட்டுக்கு நன்மையே.

7. இருளுக்கும் ஒரு கூரை

ஜவ்வாது மலையின் மிகப் புகழ்பெற்ற உச்சி எந்தக் குடிலிலும் இல்லை. அது காவலூரில் இருக்கிறது. நகர வெளிச்சத்திலிருந்து விலகிய இருண்ட வானம் தேடி, வானியலாளர் வேணு பாப்பு அந்த இடத்தை ஆய்வகம் அமைக்கத் தேர்ந்தார். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் பணி தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரி 6 அன்று அவர் பெயரால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அந்தக் குவிமாடம் இரவில் திறந்து வானத்தைக் காட்டுவதற்காகவே கட்டப்பட்டது.

குடில் உச்சியில் விளக்குச் சரம் சுற்றுவதும், கலசத்துக்குக் கீழிருந்து ஒளி பாய்ச்சுவதும் இப்போது பழக்கமாகிவருகின்றன. மேல்நோக்கிச் செல்லும் ஒவ்வொரு ஒளியும் வானத்தைச் சற்றே வெளுக்கச் செய்யும். பல குடில்களின் வெளிச்சம் ஒன்றுசேர்ந்தால், ஆய்வகத்தை இங்கே கொண்டுவந்த காரணமே இல்லாமல் போகும். விளக்கு இறவாரத்துக்கு உள்ளே, மேலே மூடி, தரையை மட்டும் பார்க்க வேண்டும். உச்சி இருளில் இருக்கட்டும். மலையில் ஒதுங்கியிருக்க வருபவர் தேடும் விண்மீன்களும் அப்போதுதான் தெரியும்.

8. குடிசையும் குடிலும்

கடைசியாக எடுக்கும் இந்தப் பகுதியையே இந்த விசாரணையில் மிகக் கனமானதாகக் கருதுகிறேன். 2010இல் தொடங்கிய கலைஞர் வீடு வழங்கும் திட்டம், தமிழகத்தின் 21 லட்சம் குடிசைகளை ஆறு ஆண்டுகளில் காரை வீடுகளாக மாற்ற முனைந்தது. 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030க்குள் குடிசையில்லாத் தமிழ்நாட்டைக் குறிக்கோளாகக் கொண்டு 8 லட்சம் வீடுகளுக்குத் திட்டமிட்டது. ஒழுகும் கூரையிலிருந்தும் தீ பயத்திலிருந்தும் பாம்பு பயத்திலிருந்தும் விடுபடுவது மக்களின் நியாயமான விருப்பம். அதை ரசனையின் பெயரால் எதிர்ப்பது அநீதி.

அதே காலத்தில் அதே புல்லும் மூங்கிலும் வெளியூராரின் ஓய்வுக்கு விலைமதிப்புள்ள பொருளாகின்றன. மலைவாசிக்கு வறுமையின் அடையாளமாக இருந்தது வசதியுள்ளவருக்கு அழகின் அடையாளமாகிறது. இந்த மாற்றத்தைத் தடுக்க முடியாது. ஆனால் அதன் பலன் யாருக்குப் போகிறது என்பது நம் கையில் இருக்கிறது. கூரை வேயும் அறிவு இப்போது மலையின் முதியவர்களிடம் இருக்கிறது. காரை வீட்டில் வளரும் பேரப்பிள்ளைகளுக்கு அதைக் கற்க வாய்ப்பே இல்லை. முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகம் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து காத்தது பெரிய பணி. ஆனால் புல்கூரையைப் பெயர்த்துக் காக்க முடியாது. அது மீண்டும் மீண்டும் வேயும் கைகளோடு சேர்ந்துதான் வாழும். தோட்டக் குடில்கள் அந்தக் கைகளுக்கு வேலை தர முடியும். இன்று பெரும்பாலும் நடப்பது வேறு. வடிவமைப்பு நகரத்திலிருந்தும் உச்சியணி கடையிலிருந்தும் வருகின்றன. மலைக்காரருக்குக் கிடைப்பது மண் சுமக்கும் கூலி.

எனவே என் தீர்ப்பு இது. ஜவ்வாது மலையில் ஒரு குடிலை மரபுக் குடில் என்று அழைக்க அதன் உச்சியில் கலசம் இருப்பது தகுதி ஆகாது. சாய்வு மழைக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். உச்சி, மரநுனிகளை மூடவும் காற்றை வெளியேற்றவும் வேண்டும். மூங்கிலுக்குரிய விலை கிராம சபைக்குச் சேர வேண்டும். விளக்கு வானத்தைத் தொடக் கூடாது. எல்லாவற்றுக்கும் முதலாக, கூரை வேயும் மலையாளி முதியவர் அங்கே தலைமைத் தச்சருக்குரிய கூலியும் சொல்லுரிமையும் பெற்றிருக்க வேண்டும், அவர் அருகில் கற்றுக்கொள்ளும் இளைஞர் ஒருவராவது இருக்க வேண்டும். மலையில் நிலம் வாங்கிக் குடில் கட்ட நினைப்பவர்கள், வரைபடம் போடுவதற்கு முன் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து ஊர்க்கவுண்டரிடம் சென்று, கூரை வேயத் தெரிந்தவர் யார் என்று முதலில் கேட்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.